மூன்றாம் மாடி வீடும் பூனையும்: பால்கனிக்கு வலை தேவையா?

வாசகர் கேள்வி, 2 ஜூன் 2024

சென்னையில் மூன்றாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். ஐந்து மாதப் பெண் பூனைக்குட்டி ஒன்றை வளர்க்கத் தொடங்கியிருக்கிறோம். பால்கனிக்கு வலை அடிக்க வேண்டும் என்கிறார் என் மனைவி. பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் நான்கு காலில்தான் இறங்கும், அதற்காகச் செலவு செய்வது வீண் என்பது என் எண்ணம். பூனை வளர்ப்பவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

2 ஜூன் 2024, இரவு

உங்கள் மனைவி சொல்வதே சரி. குட்டியை இன்றிரவே பால்கனிக் கதவுக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

விழும் பூனை அந்தரத்தில் உடலைத் திருப்பிக்கொள்ளும் என்பதில் ஐயமில்லை. 1894-ஆம் ஆண்டிலேயே எத்தியேன் ழூல் மரே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர், தலைகீழாக விடப்பட்ட பூனை தரையைத் தொடுமுன் நிமிர்ந்துவிடுவதைத் தொடர் படங்களாக எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆனால் காலூன்றி இறங்குவது வேறு, காயமில்லாமல் இறங்குவது வேறு. மூன்று மாடி இறங்கி வரும் வேகத்தைக் கால்களால் மட்டும் தாங்க முடியாது. கால்கள் மடங்கியதும் மார்பும் தாடையும் தரையில் மோதும். தாடை எலும்பு முறிவது, மேலண்ணம் நடுவில் பிளப்பது, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து மூச்சு முட்டுவது ஆகியவை இப்படி விழுந்த பூனைகளிடம் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி காணும் காயங்கள்.

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் நியூயார்க் ஆய்வு ஒன்றை யாராவது எடுத்து வைப்பார்கள். 1987-இல் வெளியான அந்த ஆய்வில், மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளில், சிகிச்சை பெற்றவற்றுள் சுமார் 90 விழுக்காடு பிழைத்தன என்று உள்ளது. கொண்டுவரப்பட்டவை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். விழுந்த இடத்திலேயே உயிர்விட்ட பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வதில்லை, ஆகவே அவை அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. 2004-இல் குரோவேஷியாவின் ஸாக்ரெப் நகரிலிருந்து வந்த இன்னோர் ஆய்வு உங்கள் நிலைமைக்கு நெருக்கமானது. அதில் 119 பூனைகள். விழுந்த உயரம் சராசரியாக நான்கு மாடி. ஏறத்தாழ 60 விழுக்காடு ஒரு வயது நிரம்பாதவை. பெரும்பாலானவை ஜன்னல்கள் திறந்து கிடக்கும் வெப்பமான மாதங்களில் விழுந்தவை. சென்னையில் எந்த மாதம் ஜன்னலைச் சாத்தி வைக்கிறோம்?

3 ஜூன் 2024

உயரம் பழகிய பிராணி எப்படித் தவறி விழும் என்று கேட்டிருக்கிறீர்கள். கைப்பிடிச் சுவரின் மேல் நடக்கும்போது பூனை தடுமாறுவது அரிது. எதிர்ச் சுவரில் ஒரு புறா வந்து அமர்ந்ததும் பூனையைக் கவனித்துப் பாருங்கள். முதலில் கீழ்த்தாடை படபடவென்று துடிக்கும், உடல் தாழும், பின்னங்கால்கள் இரண்டும் மாறி மாறி இடம் தேடி அழுந்தும். அந்த நிலையில் அதன் கண்ணுக்குப் புறா மட்டுமே தெரியும், இடையில் இருக்கும் வெற்றிடம் தெரியாது. வழவழப்பான கிரானைட் விளிம்பில் உறங்கிக்கொண்டிருந்து, விழித்து நெட்டி முறிக்கும்போது நழுவி விழும் பூனைகளும் உண்டு.

8 ஜூன் 2024

வலையைப் பற்றிக் கேட்டதால் விரிவாக எழுதுகிறேன்.

சென்னையில் பால்கனி வலை என்று கேட்டால், புறா வராமல் தடுக்கும் நைலான் வலையைத்தான் கட்டிக் கொடுப்பார்கள். புறாவுக்கு அது போதும். பூனைக்கு அதில் மூன்று குறைகள் உள்ளன. பொதுவாகக் கிடைப்பதன் கண் இரண்டு அங்குல அளவுக்கு இருக்கும்; சிறு குட்டியின் தலை அதற்குள் நுழைந்துவிடலாம், நுழைந்தால் உடலும் பின்னாலேயே போய்விடும், அல்லது கழுத்து மாட்டிக்கொள்ளும். இரண்டாவது, நைலானைப் பூனை கடித்து அறுக்கும், அதிலும் பல் முளைக்கும் பருவத்தில் ஓயாமல் கடிக்கும். மூன்றாவது வெயில். மேற்குப் பார்த்த பால்கனியில் சில கோடைகளைக் கண்ட வலையை விரலால் இழுத்தால் இழைகள் பொடிப்பொடியாக உதிரும்.

ஓர் அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் கம்பி வலையே என் பரிந்துரை. கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள், உப்புக் காற்றில் துத்தநாகப் பூச்சு சீக்கிரம் போய்விடும் என்பதால், செலவானாலும் துருப்பிடிக்காத எஃகு வலையாகப் பார்த்து வாங்குவது நல்லது. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் அறுகோண வலை மெல்லியது. பெரிய பூனை தாவிப் பற்றினால் அதன் முறுக்கு பிரிந்துகொள்ளும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளர் சம்மதிக்காவிட்டால், ஏற்கெனவே உள்ள கிரில்லோடு வலையை எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டலாம். பிளாஸ்டிக் கேபிள் டை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம், அதுவும் வெயிலில் வெடிக்கும். எந்த வலையானாலும் பால்கனியின் மேல்கூரை வரை இடைவெளி இல்லாமல் போக வேண்டும். பூனை வலையில் ஏறும். மேலே ஒரு சாண் திறந்திருந்தால் அந்த வழியை அன்றைக்கே கண்டுபிடித்துவிடும்.

9 ஜூன் 2024

நேற்று எழுதியது பால்கனிக்கு மட்டுமே பொருந்தும். நம் அடுக்ககங்களில் அதைவிட ஏமாற்றும் இடம் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் சன்ஷேடு. கிரில் கம்பிகளுக்கு நடுவே மூன்று, நான்கு அங்குலம் இருந்தால் வளர்ந்த பூனையும் புகுந்து சன்ஷேடில் இறங்கிவிடும், அங்கிருந்து ஏ.சி. பெட்டி, அதிலிருந்து பக்கத்து வீட்டு விளிம்பு என்று போய்க்கொண்டே இருக்கும். போன வழியில் திரும்ப அதற்குத் தெரியாது, நம்மாலும் கைநீட்டி எடுக்க முடியாது. ஒட்டுப்பட்டையால் ஒட்டிய கொசுவலையைத் தடுப்பாக நம்பக் கூடாது. பூனை சாய்ந்தாலே அது பிய்ந்துவிடும். ஸ்லைடிங் ஜன்னலாக இருந்தால், கதவு ஓர் அங்குலத்துக்கு மேல் நகராதபடி தண்டவாளத்தில் ஓர் அடைப்பு வைக்கலாம்.

22 ஜூன் 2024

கிராமத்தில் பூனைகள் கூரை, மரம், வைக்கோற்போர் என்று தாராளமாகத் திரிகின்றன, அவற்றுக்கு யார் வலை கட்டினார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள்தான். தோட்டத்தில் குட்டி போடும் பூனையை எங்கள் பாட்டி எண்ணிப் பார்ப்பதுண்டு. அந்தக் குட்டிகளில் எத்தனை அடுத்த ஆடி வரை இருந்தன என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. நாய், வண்டி, பாம்பு, காய்ச்சல் என்று ஒவ்வொன்றாகப் போயின. அந்தக் கூரையும் எட்டடி உயரம், கீழே மண்தரை. உங்கள் வீட்டுக்குக் கீழே இருப்பது சிமெண்ட் தளம்.

ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைப் பல நாள் யோசித்துவிட்டே இதை எழுதுகிறேன். வெளியே விடாமல் அடைத்து வைப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அடைபட்ட பூனைக்கு ஏறி உட்கார உயரமான இடம், வெளியே பார்க்க ஒரு ஜன்னலோரம், நகத்தைக் கீற ஒரு சணல் சுற்றிய கட்டை, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, நாள்தோறும் துரத்தி விளையாட ஓர் ஆள் ஆகிய அனைத்தும் வேண்டும். இவை இல்லாத வீட்டில் பூனை வலையைத்தான் சோதித்துக்கொண்டிருக்கும். உங்கள் குட்டிக்கு ஐந்து மாதம் என்பதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கருத்தடை அறுவைக்கு இப்போதே மருத்துவரிடம் நாள் கேளுங்கள். பருவத்துக்கு வந்த பெண் பூனை இரவு முழுவதும் கத்திக்கொண்டே கதவையும் ஜன்னலையும் முட்டும். எச்சரிக்கையான பூனையும் அந்த நாட்களில் வெளியே பாய்ந்துவிடும்.

14 ஜூலை 2024

வலை கட்டியாயிற்று, இனிப் பயமில்லை என்று கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதைப் படித்தேன். மகிழ்ச்சி. ஆயினும் என் அனுபவத்தில், வெளியே இருக்கும் ஆபத்தைவிட உள்ளே இருப்பது கண்ணில் படுவதில்லை, ஏனெனில் அதைச் சுத்தம் என்றும் மங்கலம் என்றும் சொல்லிப் பழகிவிட்டோம்.

முதலாவது ஃபினாயில். கறுப்பு ஃபினாயிலில் ஃபீனால் வகைப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நாம் தரையைத் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறோம். ஈரம் காயுமுன் பூனை அதன்மேல் நடந்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு பாதத்தின் விரலிடுக்கையும் விரித்து நக்குகிறது. எச்சில் ஒழுகுவது, நாக்கில் புண், நடையில் தள்ளாட்டம் என்று பின்னர் வெளிப்படும்போது, காலையில் துடைத்த தரை யாருக்கும் நினைவுக்கு வராது. வெள்ளை ஃபினாயிலில் பெரும்பாலும் பைன் எண்ணெய் இருக்கும், அதுவும் பூனைக்கு ஆகாது. வெந்நீரும் சிறிது பாத்திரச் சோப்பும் போதும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அவர்களே பழைய புட்டியை எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள்.

பீரோவில் போடும் நாப்தலீன் உருண்டை, பூஜை அலமாரியில் இருக்கும் கற்பூரம், மூட்டுவலிக்குத் தேய்க்கும் நீலகிரித் தைலம் ஆகியவையும் இதே வரிசைதான். கற்பூரத்தை ஏற்றிக் காட்டுவதால் உடனே ஏதும் ஆகிவிடாது. கட்டியாகத் தட்டில் விட்டுவைப்பதுதான் ஆபத்து.

15 ஜூலை 2024

சோப்புத் தண்ணீர் போதும் என்று நேற்று எழுதியதில் ஒரு விலக்கு உண்டு. வீட்டில் முன்பு ஒரு குட்டி, நாய்களுக்கு வரும் பார்வோ போன்ற குடல் நோயில், அதாவது பேன்லுகோபீனியாவில் இறந்திருந்தால், அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூட உயிர்ப்போடு இருக்கக்கூடியது, சோப்புக்கு அசைவதில்லை. அதற்கு பிளீச் தேவை: ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவிக் காயவைத்த பிறகே பூனையை விட வேண்டும். பூனை சிறுநீர் கழித்த இடத்தில் நேரடியாக பிளீச் ஊற்றக் கூடாது. அதில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுக் காற்று கிளம்பும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிடோடும் அதைச் சேர்க்கக் கூடாது. வெளியே போகாத பூனைக்கும் இந்நோய் நம் செருப்பில் ஏறி வரும் என்பதால் தடுப்பூசி அவசியம்.

18 ஆகஸ்ட் 2024

நேற்று முன்தினம் வரலட்சுமி நோன்பு முடிந்திருக்கிறது. பல வீடுகளில் இன்று கலசத்தைக் கலைத்திருப்பார்கள், சரடும் பூச்சரமும் வாடிக் கிடக்கும். அவற்றை மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு எங்கள் வீட்டில் நடந்ததே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் செவலைப் பூனை ஒருநாள் காலையில் சாப்பாட்டுத் தட்டருகே வந்து, மோந்து பார்த்து, வாயைச் சப்பிக்கொட்டிவிட்டுத் திரும்பிப் போனது. மாலையில் நுரையாக வாந்தி. மறுநாளும் அப்படியே. மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்த பிறகு, வாயைத் திறந்து, தாடைக்குக் கீழிருந்து கட்டைவிரலால் நாக்கை மேலே தள்ளினார். நாக்கின் அடிவேரில் வெள்ளை நூல் ஒன்று சதையை அறுத்துக்கொண்டு சுற்றியிருந்தது. சாமி படத்திலிருந்து தொங்கிய மல்லிகைச் சரத்தின் நூல் அது. ஒரு முனை நாக்கில் மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போய்விட்டது. குடல் தன் இயல்பான அசைவில் முன்னே நகர முயலும்போது நூல் நகராது. பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குவதைப் போலக் குடல் நூலின்மேல் சுருங்கி, பிறகு அறுபடவும் கூடும். வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். பிழைத்துவிட்டது, இன்றும் இதை எழுதும் மேசைக்கடியில் படுத்திருக்கிறது.

பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால் வாயில் போன நூலைத் துப்புவது அதற்கு எளிதன்று. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்காதீர்கள், வெட்டவும் செய்யாதீர்கள். அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தையல் ஊசி கோத்த நூல், ரப்பர் பேண்ட், தலைமுடிப் பட்டை, பரிசுப் பொருளின் ஜரிகை நாடா, எல்லாமே இதில் அடங்கும்.

5 செப்டம்பர் 2024

பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை வாங்குவோம். எருக்கின் பால் கண்ணில் பட்டால் புண்ணாக்கும், உள்ளே போனால் இதயத்தைத் தாக்கும். மாலையை உயரத்தில் சாத்தி, கலைத்தவுடன் அப்புறப்படுத்துங்கள். அரளிப்பூ மாலையும் இதயத்துக்கு நஞ்சுதான்.

தொட்டிச் செடிகளைப் பற்றிய கேள்விக்கு: மணி பிளான்டும் டிஃபன்பாக்கியாவும் கடித்தால் வாய் எரிந்து வீங்கும், பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. வாசலில் அழகுக்கு வைக்கும் சைகஸ் ஈரலைக் கெடுக்கும். எல்லாவற்றிலும் கொடியது பூங்கொத்தில் வரும் லில்லி. இதழ், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் என்று எதை உட்கொண்டாலும் பூனையின் சிறுநீரகம் ஓரிரு நாளில் செயலிழக்கக்கூடும். மகரந்தம் முதுகில் ஒட்டி, அதை நக்கியே நஞ்சேறலாம். பிறந்தநாளுக்கு யாராவது அந்தக் கொத்தோடு வந்தால், நன்றி சொல்லி வாங்கி, படியிறங்கிப் போய் வெளியே வைத்துவிடுவேன். சம்பங்கி அந்த வகை லில்லி அன்று, அதன் நூலைத்தான் கவனிக்க வேண்டும்.

20 அக்டோபர் 2024

தீபாவளிக்கு இன்னும் சில நாட்களே உள்ளன. வலை போட்ட பால்கனியாக இருந்தாலும் வெடிச் சத்தத்தின்போது பூனை அங்கே இருக்க வேண்டாம். மிரண்ட பூனை வலையில் நகம் மாட்டிக்கொண்டு தொங்கும். உள்ளறை ஒன்றில் தண்ணீர், லிட்டர் பெட்டி, பழைய போர்வை எல்லாம் வைத்து, மின்விசிறியை ஓடவிட்டு, கதவைச் சாத்துங்கள். கட்டிலடியில் புகுந்தால் இழுத்து வெளியே எடுக்காதீர்கள். அன்று விருந்தினர் வருவதும் போவதுமாக வாசல் கதவு திறந்தே கிடக்கும். தொலையும் பூனைகளில் பல அந்த வழியாகத்தான் போகின்றன. மருந்துப்பொடியும் எரிந்த மத்தாப்புக் கம்பியும் கிடக்கும் பால்கனியைக் கழுவிய பிறகே திறந்துவிடுங்கள்.

17 நவம்பர் 2024

குட்டிக்கு உடம்பு சுடுகிறது, குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சொட்டு கொடுக்கலாமா என்று ஒருவர் இன்று காலை கேட்டிருக்கிறார். கொடுக்காதீர்கள். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. அதன் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க இயலாமல் போகும். ஈறு பழுப்பாக மாறும், முகமும் பாதமும் வீங்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் இப்போதே மருத்துவரிடம் கிளம்புங்கள், அந்த நஞ்சை முறிக்கும் மருந்து இருக்கிறது. பூனையின் இயல்பான உடல் வெப்பமே நம்முடையதைவிட அதிகம், ஏறக்குறைய 38 முதல் 39 பாகை செல்சியஸ். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்ய முடியாது.

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தும் அப்படியே. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி சேர்ந்த சொட்டோ சோப்போ பூனைமேல் பட்டால் உடல் நடுங்கி வலிப்பு வரும். நாயும் பூனையும் சேர்ந்து படுக்கும் வீட்டில் நாய்க்கு அதைப் போடுவதையே தவிர்க்க வேண்டும்.

18 நவம்பர் 2024

நேற்றைய குட்டியை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனதாகவும், சொட்டு எதுவும் கொடுக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நல்லது.

12 ஜனவரி 2025

போகிக்கு வீடு ஒதுக்கும் வேலையில் எல்லோரும் இருப்பீர்கள். பரணைக் காலி செய்யும்போது பூனை உள்ளே ஏறிப் படுத்துவிடும், மூடும்முன் கையை விட்டுத் துழாவுங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கும் இதே பழக்கம் வேண்டும்.

இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது எலி மருந்து. எங்கள் குடியிருப்போர் சங்கம் படிக்கட்டடியில் மருந்து வைக்கப் போவதாக அறிவித்திருக்கிறது. செயலாளரைப் பார்த்து, எந்த மருந்து, எங்கே வைக்கிறீர்கள் என்று எழுதி வாங்கினேன். அவரும் முகம் சுளிக்காமல் கொடுத்தார். உங்கள் அடுக்ககத்திலும் கேளுங்கள். பூனை படிக்கட்டுக்கே போகாது என்று சொல்ல வேண்டாம். மருந்து தின்று தள்ளாடும் எலி வீட்டுக்குள் வரும், அதைப் பூனை பிடிக்கும். புரோமாடியோலோன் வகை மருந்து இரத்தம் உறைவதைத் தடுப்பது. தின்ற பூனை சில நாட்கள் நன்றாகவே இருக்கும், பிறகுதான் சோர்வும் ஈறு வெளுப்பும் இரத்தக் கசிவும் தொடங்கும். அதற்கு வைட்டமின் கே1 சிகிச்சை உண்டு, வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். துத்தநாக பாஸ்பைடு என்ற எலி மருந்து அப்படிப்பட்டதன்று. வயிற்று அமிலத்தில் பட்டதும் நச்சு வாயுவாக மாறி, சில மணி நேரத்தில் முடித்துவிடும், அந்த நஞ்சை முறிக்கும் மருந்தும் கிடையாது. ஆகவே எது வைக்கப்பட்டது என்று தெரிந்திருப்பது மருத்துவருக்குப் பெரிய உதவி. உறையைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்திருங்கள். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம், உப்பே உயிரைப் பறிக்கும்.

பூனையைக் கொண்டுசெல்லும் கூண்டை மேல் அலமாரியில் ஏற்றி வைக்காமல், உள்ளே ஒரு துணி விரித்துக் கூடத்தின் மூலையில் எப்போதும் திறந்தே வையுங்கள். அதில் படுத்துப் பழகிய பூனையை அவசரத்தில் ஒருவராகவே தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறிவிடலாம்.